மோட்டார் அறையை ஒட்டிய வகுப்பு

அந்தப் பள்ளியில் அவளுக்குக் காத்தாடி என்று பெயர். வைத்தது பிள்ளைகள், ஆசிரியர்கள் அறையிலும் அதுவே நிலைத்துவிட்டது. கணக்கு டீச்சர் என்று சொன்னால் எந்தக் கணக்கு டீச்சர் என்று கேட்பார்கள். காத்தாடி என்றால் கேள்வியே இல்லை. நாற்காலியில் அவள் முழுசாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நுனியில் உட்காருவாள், ஒரு விடைத்தாளைத் திருத்துவாள், எழுந்து ஜன்னல் வரைக்கும் போவாள், அங்கே நின்றபடியே அடுத்த தாளைத் திருத்துவாள். வீட்டிலும் அப்படித்தான். சாப்பிடும்போதே எழுந்துபோய்க் குழாய் சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வருவாள்.

"உனக்குத் தட்டு வைக்கிறதுக்குப் பதிலா பொட்டலமா கட்டிக் கையில கொடுத்துடலாம்" என்பான் கணவன். அவன் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். அசையாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க என்று நாள் முழுக்கச் சொல்லியே பழகியவனுக்கு இப்படி ஒரு மனைவி.

பள்ளியில் மேல்வகுப்புகளை மதிப்பெண்படி நான்காகப் பிரித்திருந்தார்கள். ஏ பிரிவு மாடியில், நூலகத்தை அடுத்து, இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த அறை. பி, சி இரண்டும் அதற்குக் கீழே. டி பிரிவு பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், மோட்டார் அறையை ஒட்டி. இந்த வரிசை பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, ஆசிரியர்களுக்கும்தான். புதிதாகச் சேருகிறவருக்கு டி. கொஞ்சம் பழகினால் சி. தலை நரைக்கத் தொடங்கும்போது ஏ. ஒருவர் என்ன படித்தார், எந்தப் பயிற்சிக்குப் போனார் என்று யாரும் விசாரிப்பதில்லை. எந்தப் பிரிவு எடுக்கிறார் என்று தெரிந்தால் போதும். தொழிலில் வளர்ச்சி என்றால் மாடி ஏறுவது. காத்தாடியும் அப்படித்தான் ஏறினாள். ஏ பிரிவில் நல்ல பெயர் வாங்கி, துணைத் தலைமையாசிரியரும் ஆனாள். கால அட்டவணை போடுவதும், மாதம் ஒரு சனிக்கிழமை ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்துவதும் அவள் பொறுப்பு.

பதவிக்கு வந்த முதல் பருவத்திலேயே டி பிரிவின் கணக்கு ஆசிரியர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டதாம். மாற்று ஆள் வரும்வரை அவளே போனாள். உள்ளே நுழைந்து, தன் பெயரைச் சொல்லி, பலகையில் தேதி எழுதினாள். இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், நீங்க எத்தனை நாளைக்கு இருப்பீங்க?"

"ஏன் கேக்குற?"

"நோட்டு போடணும்ல டீச்சர். போன டீச்சருக்கு ஒண்ணு போட்டோம், அவங்களுக்கு முந்தி வந்த சாருக்கு ஒண்ணு. கொஞ்ச நாள்தான்னா பழைய நோட்டுலயே பின்பக்கத்துலேர்ந்து எழுதிக்கிறோம்."

குறும்பாகக் கேட்டிருந்தால் காத்தாடி சமாளித்திருப்பாள். அந்தப் பெண் குறும்பாகக் கேட்கவில்லை. நிறுத்தத்தில் நின்று இந்தப் பேருந்து எங்கே போகும் என்று விசாரிப்பது போல, தகவலுக்காகக் கேட்டாள். பதில் சொல்வதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் போட்டுவிட்டார்கள். பெஞ்சுகள் லேசாக அதிர்ந்தன. யாரும் சொல்லாமலே வகுப்பு முழுவதும் பேனாவை மூடி வைத்தது. சத்தம் நிற்கும்வரை பாடம் இல்லை என்பது அங்கே வழக்கமாகியிருந்தது.

அன்று சாயங்காலம் அவள் பேருந்தில் ஏறவில்லை, நடந்தாள். தன் தெரு வந்தும் திரும்பாமல் நேரே போனாள். மருந்துக்கடை வாசலில் நின்று, எதற்கு வந்தோம் என்று தெரியாமல், கடைக்காரர் "என்ன வேணும்?" என்று கேட்டதற்கு ஒரு தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினாள். சரியாக அந்த மாதம்தான் சனிக்கிழமைப் பயிற்சியில் "எல்லாருக்கும் சமமான கல்வி" என்று தலைப்புப் போட்டு, திரையில் படம் காட்டி, வந்தவர்களுக்கெல்லாம் சான்றிதழும் கொடுத்திருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். டி பிரிவுக்கு நல்ல ஆசிரியர் யாரும் ஏன் போவதில்லை என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அது இப்போது செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்தியது.

அடுத்த பருவத்துக்கு அட்டவணையை மாற்றிப் போட்டாள். மூத்த ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் ஏ பிரிவில் பாதி, டி பிரிவில் பாதி. புதியவர்களுக்கும் அதே போல இரண்டிலும் பங்கு. எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனாள். அவர் ஓய்வுபெறும் நாளை எதிர்பார்த்திருந்த மனிதர். மேசையில் எப்போதும் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் இருக்கும். சங்கடமான பேச்சு வந்தால் ஒரு மூடி ஊற்றி ஊதி ஊதிக் குடிப்பார். குடித்து முடிப்பதற்குள் கேட்டவர் போய்விடமாட்டாரா என்று ஒரு நம்பிக்கை.

"அட்டவணை உங்க கையிலதான் இருக்கு டீச்சர். செய்யுங்க. ஆனா என் காதுல எதுவும் விழக் கூடாது."

"விழும் சார்."

"விழும்னு எனக்கும் தெரியும். கொஞ்சம் மெதுவா விழட்டும்னு சொல்றேன்" என்றார் அவர்.

அட்டவணையை ஆசிரியர்கள் அறையில் ஒட்டினாள். அதில் முதல் அடி வாங்கியது அவளுடைய நாத்தனார்தான். கணவனின் அக்கா, அதே பள்ளியில் இயற்பியல். மற்ற எல்லோரும் டீச்சர், அவர் ஒருவர் மட்டும் மேடம். ஏ பிரிவு இயற்பியல் என்றால் அவர்தான் என்று ஊரே சொல்லும். குரலை உயர்த்தாமல், மெல்லிய குரலில், பலகையில் ஒரு கோணல் இல்லாமல் படம் போட்டு நடத்துவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; இவங்க இயற்பியலைக் கட்டிக்கிட்டவங்க என்று தம்பி கேலி செய்வான். இவர்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்; காத்தாடி அவரை அண்ணி என்று கூப்பிடுவாள்.

சாயங்காலம் அண்ணி மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் இரவல் வாங்கிப்போன குக்கர். அதைச் சமையல் மேடையில் ணங்கென்று வைத்தார்.

"அண்ணி, உக்காருங்க."

"முதல்ல நீ உக்காரு. உன்னைப் பாத்துப் பேசினா எனக்குக் கழுத்து வலிக்குது."

காத்தாடி உட்கார்ந்தாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லு."

"தப்பு பண்ணதுக்கு இல்ல அண்ணி. நீங்க நல்லா நடத்துறீங்கன்னுதான்."

"நல்லா நடத்துறவளுக்கு நீ கொடுக்கிற பரிசா அது? அந்த அறையிலேர்ந்து மேல வர நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. ஒரு காகிதத்தை ஒட்டி என்னைக் கீழ இறக்கிட்டே. புதுசா வந்த சார் என்னைப் பாத்துப் பரிதாபப்படுறார். எனக்கு அது தேவையா?"

"அங்க இருக்கிற பிள்ளைங்களும் அதே பரிட்சைதானே அண்ணி எழுதுறாங்க?"

"எழுதட்டும். அதுக்கு வீட்டு ஆளைத்தான் பலி கொடுக்கணுமா?"

அந்த நேரம் பார்த்து வேலையிலிருந்து வந்த கணவனை இருவரும் ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்தான்.

"அக்கா, நான் எக்ஸ்ரே எடுக்கிறவன். எங்க முறிஞ்சிருக்குன்னு காட்டத் தெரியும். ஒட்ட வைக்கத் தெரியாது. என்னை விட்டுடுங்க."

ஆனால் காத்தாடியை உண்மையில் உலுக்கியது வேறு ஒரு குரல். மகள் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தாள், அதே ஏ பிரிவில். அத்தையிடம் இயற்பியல் கற்று, இயற்பியலே மேலே படிக்க வேண்டும் என்று கீழ் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள். எல்லாவற்றையும் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏம்மா, என் வருஷத்துலதான் உனக்கு இந்த ஞானோதயம் வரணுமா?"

காத்தாடி எழுந்து குழாயை மூடப் போனாள். குழாய் மூடித்தான் இருந்தது.

அண்ணி டி பிரிவுக்குப் போனார். போகாமல் இருக்கக் கடமை விடவில்லை, மனசுதான் கூடப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பாடத்தை எழுதச் சொல்லி வாசித்தார். பிள்ளைகள் "மேடம், கேக்கல" என்றார்கள். அவர் நக்கல் என்று நினைத்தார். திரும்ப வாசித்தார். "மேடம், நிஜமாவே கேக்கல" என்றது பின் பெஞ்சு. மெல்லிய குரல் மேலே அமைதியான அறையில் அழகு. கீழே மோட்டார் அதை விழுங்கிவிட்டது. ஏ பிரிவில் ஒருநாளும் குரலை உயர்த்தாதவர், இங்கே கத்தினார். சில வாரங்களில் தொண்டை கட்டி, பேச்சே வராமல் போய், மருத்துவர் பேசக் கூடாது என்று விடுப்பில் அனுப்பினார்.

திரும்பி வந்த அன்று மாடிப்படியில் காத்தாடியை மறித்தார். குரல் இன்னும் கரகரத்தது.

"ஆளை மாத்தினியே, அறையை மாத்தினியா? நான் பிள்ளைங்களுக்கு நடத்தலை. மோட்டாருக்கு நடத்திட்டு இருக்கேன்."

சண்டைக்குத்தான் சொன்னார். காத்தாடிக்கு அது சண்டையாகப் படவில்லை. அவளும் ஒரு காலத்தில் அந்த அறையில் கத்தியவள்தானே. மாடி ஏறிய பிறகு அந்தச் சத்தம் எப்படி மறந்தது? மோட்டாரை நகர்த்தச் சொல்லி டி பிரிவுக்குப் போன ஒவ்வோர் ஆசிரியரும் கேட்டிருக்கிறார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்ற பதில்தான் வருஷா வருஷம் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை, யாரிடமும் கேட்காமல், அவள் அறைகளை மாற்றினாள். டி பிரிவு பைகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியது. ஏ பிரிவு இறங்கி மோட்டார் அறைப் பக்கம் போனது. இறங்கும்போது மகள் அம்மாவைத் தாண்டிப் போனாள்; முகத்தைப் பார்க்கவில்லை.

மோட்டார் போட்டதும் ஏ பிரிவு பேனாவை மூடவில்லை. காதைப் பொத்திக்கொண்டு, இரண்டு பேரைத் தலைமையாசிரியரிடம் அனுப்பியது. மறுநாள் காலை பள்ளி வாசலில் பெற்றோர் திரண்டுவிட்டார்கள். முன்னால் நின்றவர் பள்ளிக் குழுவில் இருப்பவர், கட்டட ஒப்பந்தக்காரர். பொதுவாகத் தன்மையாகப் பேசுகிறவர்தான்.

"இந்தச் சத்தத்துல பிள்ளைங்க எப்படி டீச்சர் படிப்பாங்க?"

"இத்தனை வருஷமா படிச்சிட்டுத்தான் இருக்காங்க."

"யாரு?"

"டி பிரிவுப் பிள்ளைங்க."

ஒப்பந்தக்காரர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு அம்மா, "அது வேற" என்றார்.

"என்ன வேறங்க?" என்று கேட்டாள் காத்தாடி. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒப்பந்தக்காரரே ஆட்களோடு வந்து நின்றார். மைதானத்துக்குப் பின்னால் புதிதாக ஓர் அறை எழுப்பி, மோட்டாரை அங்கே கொண்டுபோய், குழாயை மண்ணுக்கு அடியில் இழுத்துவிட்டார்கள். இவ்வளவுதான் வேலை. ஆசிரியர்கள் அறையில் சிலர் காத்தாடியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சாதிச்சுட்டீங்க என்றார்கள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒவ்வொரு முறை கேட்டும் நடக்காதது, கேட்ட ஆள் மாறியதும் ஒரு வாரத்தில் நடந்துவிட்டது. அமைதியாகிவிட்ட அந்த அறைக்குள் போனாள், வெளியே வந்தாள், திரும்பவும் போனாள். அந்த அமைதி அவளுக்குப் பொறுக்கவில்லை.

பள்ளிக் குழு அவளைக் கூப்பிட்டது. மோட்டார் போய்விட்டதால் கோபம் தணிந்திருக்கும் என்று அவள் நினைத்தாள். மாறாக, இப்போது அவர்களுக்கு நிதானமாகக் கோபப்பட நேரம் கிடைத்திருந்தது. கேட்காமல் எப்படி மாற்றலாம் என்றார்கள். ஏ பிரிவு உடனே மாடிக்குப் போக வேண்டும் என்றார்கள்.

"சத்தம்தான் போயிடுச்சே. இப்ப அந்த அறைக்கு என்ன குறை? ஏ பிரிவு அங்கேயே இருக்கட்டுமே" என்றாள்.

தலைமையாசிரியர் இரண்டு மூடி வெந்நீர் குடித்தார். கூட்டம் முடிந்தபோது அவள் துணைத் தலைமையாசிரியர் இல்லை, பழையபடி கணக்கு டீச்சர். அட்டவணையும் பயிற்சியும் வணிகவியல் சாருக்குப் போயின.

தாழ்வாரத்தில் தலைமையாசிரியர் அவளைத் தொடர்ந்து வந்தார்.

"என்னால உங்களைக் காப்பாத்த முடியல டீச்சர்."

"முயற்சி பண்ணீங்களா சார்?"

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "இல்ல" என்றார்.

அந்த ஒரு பதிலுக்காக அவர் மேல் அவளுக்குக் கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

வணிகவியல் சார் அறைகளையும் அட்டவணையையும் பழையபடி போட்டார். மூத்தவர்கள் மேலே, புதியவர்கள் கீழே. மேடத்துக்கு முழு ஏ பிரிவும் திரும்பக் கிடைத்தது. அட்டவணை ஒட்டிய அன்றே அண்ணி அவர் முன்னால் போய் நின்றார்.

"டி பிரிவை என்கிட்டேர்ந்து எடுக்காதீங்க. மின்சாரம் நடத்திட்டு இருக்கேன். பாதியில விட முடியாது."

வீட்டில் காத்தாடி நன்றி சொல்லப் போனபோது கையை நீட்டித் தடுத்தார். "உனக்காக ஒண்ணும் இல்ல. அந்தம்மா நடத்தி ஒரு வகுப்புக்குப் புரியலைன்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது." பிறகு, வேறு பக்கம் பார்த்தபடி, "அவங்க கேள்வியே கேக்க மாட்டேங்குறாங்க. தலையை மட்டும் ஆட்டுறாங்க. நீ என்ன பண்ணுவே?" என்றார்.

அண்ணி இன்னொரு ஆசிரியரிடம் வழி கேட்டுக் காத்தாடி பார்த்ததே இல்லை. நானும் வந்து உட்காரட்டுமா என்று கேட்டாள். ஓய்வு நேரத்தில் டி பிரிவின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அல்லது உட்கார முயன்றாள். பதிலுக்கு அண்ணி அவள் வகுப்புக்கு வந்தார். முடிந்ததும் தயங்காமல் சொன்னார்.

"கேள்வி கேட்டுட்டுப் பதிலுக்கு நீ நிக்கவே மாட்டேங்குற. சட்டுன்னு கை தூக்குறவங்ககிட்ட வாங்கிட்டு அடுத்த பெஞ்சுக்குப் பறந்துடுறே. மெதுவா யோசிக்கிறவங்க வாயைத் திறக்கிறப்ப நீ அங்க இல்ல. சமம் சமம்னு ஊர்ல எல்லாரையும் ஆட்டி வெச்சவ நீ."

காத்தாடிக்குக் காது சூடாகிவிட்டது. மறுநாளிலிருந்து கேள்வி கேட்டுவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை வாழ்க்கையில் வாய்த்ததில்லை. கால் தானாக நகரும், இழுத்து நிறுத்துவாள். ஆனால் அந்தக் காத்திருப்பில், அதுவரை அவள் குரலே கேட்டிராத இரண்டு மூன்று பேர் பேசத் தொடங்கினார்கள். தப்பாகத்தான் சொன்னார்கள். எங்கே தப்பு என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

இவர்கள் மாறி மாறிப் போய் உட்காருவதைப் பார்த்து, புதிதாக வந்த இயற்பியல் சார் தானும் வரலாமா என்று கேட்டார். பிறகு மொழி டீச்சர். திரை, சான்றிதழ் எதுவும் இல்லை. சில நாள் ஒருவரையொருவர் கடித்துக்கொள்வார்கள், சில நாள் சிரிப்பு. காத்தாடிக்குத் திருப்தி மட்டும் வரவில்லை. நாலு பேர் போதுமா, பள்ளி முழுக்க எப்போது, பிரிவுகளையே கலைக்க வேண்டாமா என்று அண்ணியை அரித்துக்கொண்டே இருந்தாள். "ஒரு கப் காபி குடிக்க விடுவியா?" என்பார் அண்ணி.

தேர்வு முடிவு வந்தது. டி பிரிவில் இயற்பியல் தேறியவர்கள் முன்பைவிட அதிகம். ஆனால் எல்லோரும் இல்லை. தேறாதவர்களின் வீடுகளுக்கு அண்ணி தானே போனார். மகளுக்கு இயற்பியலில் எதிர்பார்த்தது வரவில்லை. விரும்பிய கல்லூரி கைக்கு எட்டாமல் போய், வேறு ஊரில், வேறு பாடத்தில் இடம் கிடைத்தது. அந்த அட்டவணைதான் காரணமா, இறங்கி ஏறிய அலைச்சலா, தேர்வு அன்று இருந்த காய்ச்சலா, யாராலும் சொல்ல முடியாது. காத்தாடி மனசுக்குள் அந்தக் கணக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தது.

மகளை ஏற்றிவிடப் பேருந்து நிலையத்துக்குக் குடும்பமே போனது. கணவன் பெட்டியை மேலே ஏற்ற, அண்ணி ஜன்னலோர இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் கீழே அம்மாவோடு நின்றாள்.

"அம்மா, நீ பண்ணது தப்புன்னு நான் சொல்லலை. நானே அந்த அறையில உக்காந்தேன். எனக்குத் தெரியும்."

"ம்."

"ஆனா எனக்குக் கோபம் போகலை. போயிடும்னு நீ எதிர்பார்க்காதே."

"சரிம்மா."

"சரின்னு மட்டும் சொல்றே?"

"வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை."

மகள் தோளில் பையைச் சரிசெய்துகொண்டு ஏறினாள். ஏறிய பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். காத்தாடி அதைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நகரும்வரை அசையாமல் நின்றாள்.

பேருந்து வளைவில் திரும்பி மறைந்தது. "வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டான் கணவன். அவள் ஏற்கெனவே எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள். புதிதாகத் தொடங்கிய பள்ளி வருஷத்துக்கு டி பிரிவுக் கணக்கைக் கேட்டு வாங்கியிருந்தாள். அதற்குப் போட்டியே இல்லாததால் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள்.

"நீங்க போங்க" என்றாள் திரும்பாமலே. "எனக்கு ரெண்டாவது பீரியட் இருக்கு."